எதிரொலி சொன்ன பிரசங்கம்

என் வீட்டுக்காரரை எங்கள் சபையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'எதிரொலி' என்றால்தான் தெரியும். பிள்ளைகளுக்கு எதிரொலி அங்கிள், பெரியவர்களுக்கு நம்ம எதிரொலி. வெளியிலிருந்து பிரசங்கியார் யாராவது வந்து ஆங்கிலத்தில் பேசினால், பக்கத்தில் இன்னொரு மைக்கைப் பிடித்துக்கொண்டு வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொல்வது இவர்தான். அவர் கத்தினால் இவரும் கத்துவார், அவர் குரலை இறக்கினால் இவரும் இறக்குவார். ஒருமுறை வந்தவர் தும்மியதும் இவரும் தும்மினார் என்று பிள்ளைகள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். தும்மியது உண்மைதான். சளி பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

வார நாட்களில் அவருக்கு ஓட்டலில் வேலை. சமையல் இல்லை, வரவேற்பு மேசை. வருகிறவர்களுக்குச் சாவி கொடுப்பதும், போன் அடித்தால் எடுப்பதும், தங்கியிருக்கிறவர்களின் கோபத்தை முதலில் வாங்கிக்கொள்வதும் அவர் பாடு. "இது படுக்கை விரிப்பா, தரை துடைக்கிற துணியா?" என்று மேலேயிருந்து ஒருவர் ஆங்கிலத்தில் கத்துவார். இவர் போனை மெதுவாக வைத்துவிட்டு, அறை சுத்தம் செய்கிற அம்மாவிடம், "அக்கா, மேல கடைசி ரூம்ல இன்னொரு விரிப்பு கேக்கறாங்க. பாவம், தூரத்துல இருந்து வந்திருக்காங்க" என்பார். அந்த அம்மாவும் "அதுக்கென்ன" என்று சிரித்த முகமாய்ப் படியேறிப் போவார். தன் ஓட்டலில் வேலையாட்களுக்கும் தங்குகிறவர்களுக்கும் சண்டையே வராது என்று முதலாளிக்கு ஒரே பெருமை. சண்டையெல்லாம் இவருடைய காதுக்கும் வாய்க்கும் நடுவிலேயே செத்துப்போகிறது என்பது அவருக்குத் தெரியாது.

வீட்டிலும் இதே கதைதான். என் மாமியார் எங்களோடு இருந்த காலத்தில், நான் அடுப்படியிலிருந்து, "உங்க அம்மாகிட்ட அந்த ரேடியோவைக் குறைக்கச் சொல்லுங்க, மண்டை வெடிக்குது" என்பேன். இவர் உள்ளே போய், "அம்மா, அவளுக்குக் கொஞ்சம் தலைவலி. ஆனா நீங்க பாட்டு கேக்கறது அவளுக்கு ரொம்பப் பிடிக்குமாம்" என்பார். மாமியார் உருகிப்போய் ரேடியோவை அணைத்துவிட்டு எனக்குத் தைலம் எடுத்துக்கொண்டு வருவார். என்னை ஒரு சாதுவான மருமகள் என்று கடைசிவரை நம்பியே கண்ணை மூடினார், மகராசி. என்னைத் தெரிந்தவர்கள் இதைப் படித்துச் சிரித்துக்கொள்ளட்டும்.

இவரைக் கேலி செய்ய எனக்கு ஒரு நாள் போதாது. ஆனால் இதை எழுத உட்கார்ந்தது அதற்கில்லை. என் தங்கை இன்றைக்கு எங்கள் ஊரில், தன் வீட்டில், தன் புருஷனோடு, நிம்மதியான முகத்தோடு இருக்கிறாள். அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் இரண்டு பேர். ஒருவர் எங்கள் போதகர். இன்னொருவர் இந்த எதிரொலி. காரியத்தைக் கெடுத்தவரும் இவர்தான் என்பதால், இவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கே சரியாகப் பிடிபடவில்லை.

என் தங்கை சலவைக் கடையில் கவுண்டரில் நிற்கிறவள். அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் சாலையில்தான். வெகுகாலம் காத்திருந்து அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. இதயத்தில் பிறவியிலேயே கோளாறு. ஒரு மாதம்கூட நம்மோடு இருக்கவில்லை. அதற்குப் பிறகு என் தங்கை கடைக்குப் போனாள், வந்தாள், சட்டைகளில் சீட்டுக் குத்தினாள், ஆனால் எதிரில் நிற்கிறவர் முகத்தைப் பார்க்கவே மாட்டாள். குழந்தையைக் குளிப்பாட்ட வாங்கிய மஞ்சள் பிளாஸ்டிக் தொட்டியைத் தினமும் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைப்பாள். நான் அதை ஒருநாள் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன் என்று என்னோடு பேச்சையே நிறுத்திக்கொண்டாள். வாயாடி என்று பேரெடுத்த எனக்கு அவளிடம் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் போதகருக்குப் பித்தப்பையில் கல் என்று அறுவைச் சிகிச்சை. அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நேரம் பார்த்து எங்கள் சபைச் செயலாளர் ஒரு வெளிநாட்டுப் பிரசங்கியாரை மாலைக் கூட்டங்களுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. போதகர் இல்லாத வாரங்களில் மேடை காலியாக இருக்கக் கூடாது என்று நினைத்தார். வந்தவர் யார், என்ன போதிக்கிறவர் என்று விசாரிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இங்கேயே வேறொரு ஊரில் பெரிய ஜெப இல்லம் ஒன்று நடத்துகிறாராம், எத்தனையோ பேர் அங்கேயே தங்கி ஊழியம் செய்கிறார்களாம் என்றார்கள். அது போதும் என்று எல்லோரும் தலையாட்டினோம், நானும்தான்.

வந்தவர் உயரமானவர், நல்ல மரியாதைக்காரர், கைகுலுக்கும்போது குனிந்து குலுக்குவார். மேடை ஏறிவிட்டால் வேறு ஆள். வேகவேகமாகப் பேசுவார். எங்களில் பலருக்கு ஆங்கிலம் தெரியும் என்றாலும் அது மருந்துச் சீட்டும் விலாசமும் படிக்கிற ஆங்கிலம்; அவர் பேச்சுக்கு ஈடுகொடுக்கிற ஆங்கிலம் இல்லை. செயலாளர் மட்டும் முன்வரிசையில் உட்கார்ந்து, தமிழ் வருவதற்கு முன்பே "ஆமென்" போடுவார். தனக்கு ஆங்கிலம் தெரியும் என்று நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்குத்தான்.

முதல் நாள் எனக்கு ஒன்று விநோதமாக இருந்தது. அவர் விரலை நீட்டி மிரட்டுகிற மாதிரி நிற்கிறார், இவரோ கையைக் கட்டிக்கொண்டு ஆறுதல் சொல்கிறார். எதிரொலி இன்றைக்கு ஏன் தாளம் தப்புகிறது என்று நினைத்தேன். வெளிநாட்டுக்காரர்கள் அன்பைக்கூட அதட்டித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது என்று நானே ஒரு சமாதானமும் செய்துகொண்டேன்.

இரண்டாம் நாள் என் தங்கையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். இரண்டாவது வரிசையில் கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிரசங்கியார் மேசையைத் தட்டி நீளமாக ஒன்று சொன்னார். செயலாளர் "ஆமென்" என்றார். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு சொன்னார்: "உங்கள் வீட்டில் சாவு வந்தால், யார் செய்த தப்பு என்று தேடாதீர்கள். யாரும் அதற்குக் கதவு திறந்துவிடவில்லை. ஆண்டவர் அந்த வீட்டுக்குள் வந்து, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, உங்களோடு அழுகிறார்."

என் தங்கை அழுதாள். குழந்தையை அடக்கம் செய்த நாளில்கூட அழாதவள், என் மடியில் தலையைப் போட்டு அப்படி அழுதாள். கூட்டமே அழுதது. தன் வார்த்தை நன்றாகத் தைத்துவிட்டது என்று பிரசங்கியாரும் திருப்தியோடு எங்களைப் பார்த்தார்.

அடுத்த வாரமே அவளிடம் மாற்றம் தெரிந்தது. கடைக்கு வருகிறவர்களிடம் "சட்டை நாளைக்கு ரெடி" என்று முகம் பார்த்துச் சொன்னாள். மஞ்சள் தொட்டியை அவளே எடுத்துப் பரண்மேல் வைத்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தப் பிரசங்கியாரைப் புகழ்ந்து தள்ளினேன். என் வீட்டுக்காரர் மட்டும் அவர் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

பிறகுதான் வந்தது வினை. பிரசங்கியார் மறுபடியும் வருகிறார் என்று செயலாளர் அறிவித்தார். அன்று சாயங்காலம் என் தங்கை வந்து உட்கார்ந்து, "அக்கா, இந்தத் தடவை நான் அவரோட போறேன். ஜெப இல்லத்துல தங்கி ஊழியம் செய்யப் போறேன். கடையில சொல்லிட்டேன்" என்றாள்.

"உன் வீட்டுக்காரர்?"

"அவர் என்ன சொல்வார், அழுதுட்டு 'உனக்கு நிம்மதின்னா போ'ன்னுட்டார். எனக்கு நிம்மதி கொடுத்தது அந்த ஐயா வார்த்தைதானே அக்கா. அவர் பக்கத்துலயே இருந்து கேட்டுக்கிட்டே இருக்கணும்."

நான் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை, ஓட்டலில் ஆளுக்கொரு சாவியை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். "என்ன, யாராவது புதுசா கண்ணுல பட்டுட்டாளா?" என்று கிண்டலடித்துப் பார்த்தேன். அதற்குக்கூட அவர் சிரிக்கவில்லை.

போதகர் வீடு திரும்பியிருந்தார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. சபையில் பேசப்பட்ட பிரசங்கம் ஒவ்வொன்றையும், தன்னுடையதையும் சேர்த்து, பதிவில் மறுபடி போட்டுக் கேட்பார். கேட்டுக்கொண்டே தன் சட்டைகளைத் தானே இஸ்திரி போடுவார். "என் பிரசங்கத்தைக் கேட்டு எனக்கே கொட்டாவி வந்தா, அடுத்த வாரம் சுருக்கிக்குவேன்" என்பார். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களின் பதிவுகளையும் அவர் விடவில்லை. ஒருநாள் காலையில் இவரை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். அவருக்காக சூப் செய்து வைத்திருந்தேன், அதை எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன்.

"உட்காருங்க தம்பி. நீங்களும் உட்காருங்கம்மா" என்றார். சட்டைக் காலரில் இஸ்திரிப் பெட்டியை வைத்து இழுத்தபடியே, "அந்த ரெண்டாம் நாள் பிரசங்கம் ரொம்ப நல்லா இருந்துச்சு. நான்கூட இப்படி ஒண்ணு இதுவரைக்கும் சொன்னதில்ல" என்றார்.

"அவர் நல்லாப் பேசுவார் பாஸ்டர்" என்றேன் நான், முந்திக்கொண்டு.

"அவரைச் சொல்லலம்மா. இவரைச் சொல்றேன்."

பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பதிவைப் போட்டார். ஒரு ஆங்கில வாக்கியம் ஓடியதும் நிறுத்தினார். எனக்காக அதைத் தமிழில் சொன்னார்: "உங்கள் வீட்டில் சாவு வந்தால், அதற்குக் கதவைத் திறந்துவிட்டது யார் என்று தேடுங்கள். பெரும்பாலும் அது தாயின் அவிசுவாசம்." பிறகு மறுபடி ஓடவிட்டார். என் வீட்டுக்காரருடைய குரல் வந்தது. யாரும் கதவு திறந்துவிடவில்லை, ஆண்டவர் உங்களோடு அழுகிறார்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்தார்.

"எல்லா இடத்துலயும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"மோசமா வந்த இடத்துல எல்லாம்" என்றார் போதகர். "அவர் சாட்டையைச் சுழற்றுறார், இவர் அதைப் பிடுங்கி வச்சிட்டு கையில பழம் கொடுக்கறார். சும்மா சொல்லக்கூடாது, வேதத்துக்கு ஒத்த பழம்தான்."

என் வீட்டுக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "அவ ரெண்டாவது வரிசையில உட்கார்ந்திருந்தா பாஸ்டர். அந்த வார்த்தையை என் வாயால அவகிட்ட எப்படிச் சொல்றது? ஓட்டல்ல செய்யற மாதிரி செஞ்சிட்டேன்."

"அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாதுதான். மைக்கை வச்சிட்டுக் கீழ இறங்கியிருக்கலாம். அப்ப எல்லாருக்கும் விஷயம் தெரிஞ்சிருக்கும். நீங்க என்ன பண்ணிட்டீங்க, அவருக்கு ஒரு நல்ல வாயை இரவல் கொடுத்துட்டீங்க. சபை அந்த வாயை நம்பி அவரைத் திரும்பக் கூப்பிடுது."

"என் தங்கை அவரோட போகப்போறா பாஸ்டர்" என்றேன்.

"அங்க நான் இருக்க மாட்டேன்" என்றார் இவர். "அவர் சொல்றது வேற யார் வாயிலயாவது அப்படியே அவ காதுல விழும். 'உன் பிள்ளையை நீதான் கொன்னே'ன்னு தினமும் அவகிட்ட சொல்லுவாங்க. அவ நம்பிடுவா." சொல்லிவிட்டு அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அவரை உலுக்கியிருப்பேன், ஆனால் கை அவர் முதுகைத்தான் தடவிக் கொடுத்தது.

போதகர் திட்டவில்லை. "முதல் தப்பு என்னோடது" என்றார். "மேடையில யார் நிக்கலாம், யார் நிக்கக்கூடாதுன்னு பாக்கறதுதான் என் வேலை. நான் ஆஸ்பத்திரிக்குப் போனப்ப சாவியை மட்டும் கொடுத்துட்டுப் போனேன், அந்த வேலையை யார்கிட்டயும் கொடுக்கல. அதைத் தனி ஆளா உங்க தலையில கட்டிட்டேன்."

அப்போதே பிரசங்கியாருக்குப் போன் போட்டார். நாங்கள் கேட்கும்படி சத்தமாக வைத்தார். எனக்கும் புரியட்டும் என்று என் வீட்டுக்காரரை மொழிபெயர்க்கச் சொல்லி, "குழந்தையை இழந்த தாய்க்கு நீங்க என்ன சொல்வீங்க?" என்று கேட்டார். அவர் மழுப்பவே இல்லை. மேடையில் சொன்னதையே சொன்னார். எல்லா ஊரிலும் இதைத்தான் போதிப்பதாகவும் சொன்னார். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. எங்களை ஏமாற்றியது எங்கள் வீட்டு எதிரொலி.

செயலாளரைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "காதால கேட்டோமே பாஸ்டர்! எத்தனை பேர் அழுதாங்க!"

"எந்த மொழியில கேட்டீங்க?" என்றார் போதகர்.

செயலாளர் மென்று விழுங்கினார். "அது... ஆங்கிலம் எனக்கு நல்லாத் தெரியும். ஆனா தமிழ் வருதேன்னு அதைத்தான் கேட்டேன். அவர் நிறுத்தற இடத்துல ஆமென் சொல்லிடுவேன்." பாவம், அதை ஒப்புக்கொள்ள அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும். பதிவைக் கேட்ட பிறகும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. ஏதோ ஒரு இடத்தில் வாய் தவறியிருக்கும் என்றார்.

கூட்டத்தையே நிறுத்திவிடுங்கள் என்று நான் கெஞ்சினேன். போதகர் தலையை ஆட்டினார். "ஒரு அறிவிப்பு கொடுத்தா நின்னுடும். மறுநாளே உங்க தங்கச்சி பஸ் ஏறிடுவா. மேடையைக் காப்பாத்திட்டு அவளை விட்டுட்டா நான் எதுக்கு இருக்கேன்? முதல்ல அவகிட்ட உண்மையைச் சொல்லுவோம்."

சொன்னோம். அவள் நம்பவில்லை. "என்னை இங்க இருத்தறதுக்கு எல்லாரும் சேர்ந்து நாடகம் ஆடறீங்க" என்றாள். பதிவைக் காதில் வைத்தால் கையைத் தட்டிவிட்டாள். "அத்தான், நீங்களுமா?" என்று அவள் கேட்டபோது என் வீட்டுக்காரர் சுவரோடு சுவராக நின்றார்.

போதகர் அவள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீ யாரையும் நம்ப வேண்டாம்மா, என்னையும் சேர்த்து. ஞாயிற்றுக்கிழமை மேடை அவருக்குக் கிடையாது. ஆனா சனிக்கிழமை மதியம் நம்ம கூடத்துல வந்து உட்காரட்டும். யார் வேணும்னாலும் கேள்வி கேக்கலாம். நீயே கேளு. ஒரு சொல் கூடாம குறையாம அப்படியே தமிழ்ல வரும்."

"அத்தான் மாத்திட மாட்டார்னு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. போதகர் அதற்கும் வழி வைத்திருந்தார். பிரசங்கியாரின் மேல் உயிரையே வைத்திருந்த செயலாளரைத்தான் காவலுக்குப் போட்டார். "இன்னொரு மைக் உங்க கையில இருக்கும். இவர் ஒரு வார்த்தை மாத்தினாலும் நிறுத்திடுங்க. ஆமென் மட்டும் கொஞ்சம் பொறுத்துச் சொல்லுங்க" என்றார்.

சனிக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. போதகருக்கு இன்னும் தையல் இழுத்துக்கொண்டிருந்ததால் வயிற்றில் கையை வைத்தபடியே வந்தார். மேடையில் யாரும் ஏறவில்லை. எங்களோடு ஒரே தரையில் நாற்காலிகள். பிரசங்கியார் எல்லோருக்கும் குனிந்து கைகுலுக்கிவிட்டு உட்கார்ந்தார். போதகர் அவரை அன்பாகவே வரவேற்று, எதற்காக இந்தக் கூட்டம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்து, "கேளுங்க" என்றார்.

என் தங்கை எழுந்தாள். லாரியை எங்கோ நிறுத்திவிட்டு அவள் வீட்டுக்காரரும் வந்து வாசல் பக்கம் நின்றிருந்தார். அவள் நேராகப் பிரசங்கியாரைப் பார்த்தாள். அந்த முகத்தில் அவ்வளவு நம்பிக்கை. அவரே எங்கள் எல்லோர் வாயையும் அடைத்துவிடுவார் என்று நினைத்திருக்கிறாள்.

"ஐயா, என் குழந்தை பிறந்து ஒரு மாசத்துக்குள்ள செத்துப்போச்சு. ஏன் செத்துச்சு?"

என் வீட்டுக்காரர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். பிரசங்கியார் கனிவாகத்தான் பார்த்தார். மெதுவாகத்தான் பேசினார். அவர் முடித்தார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். பழகிய வாய் பழகிய வேலையைச் செய்துவிடுமோ என்று எனக்குப் பயம். செய்துவிட்டால் தேவலை என்றுகூட ஒரு கணம் நினைத்தேன், மறைப்பானேன்.

அவர் அவளையே பார்த்துச் சொன்னார். "மகளே, உன் வீட்டுக்குள் மரணம் தானாக வரவில்லை. உன் அவிசுவாசம் கதவைத் திறந்தது. உனக்கு முழு விசுவாசம் இருந்திருந்தால் குழந்தை இன்று உயிரோடு இருக்கும். என் ஜெப இல்லத்துக்கு வா, அந்தக் கதவை மூடுவோம்."

என் தங்கை செயலாளர் பக்கம் திரும்பினாள். எல்லோரும் திரும்பினோம். அவர் மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"அப்படித்தான் சொன்னார்" என்றார். "ஒரு வார்த்தை மாறல."

ஆமென் சொல்ல அந்தக் கூடத்தில் ஒருவரும் இல்லை.

போதகர் எழுந்து என் தங்கையின் பக்கத்தில் போய் நின்றார். குரலை உயர்த்தவில்லை. பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவனைக் காட்டி, இது இவன் பாவமா, பெற்றவர்கள் பாவமா என்று சீடர்கள் கேட்டபோது இயேசு இரண்டும் இல்லை என்று சொன்னதை எங்களுக்கு நினைவுபடுத்தினார். நண்பனின் கல்லறை வாசலில் அவரே அழுதாரே, அங்கே நின்ற சகோதரிகளைப் பார்த்து உங்கள் அவிசுவாசம்தான் தம்பியைக் கொன்றது என்று சொன்னாரா என்று கேட்டார். "யார் சொன்னாங்கன்னு பார்த்து ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்காதீங்க. நான் சொன்னாலும் வேதத்துல தேடிப் பாருங்க. இந்தத் தாய் தன் பிள்ளையைக் கொல்லல. இதை இந்தச் சபையோட போதகனா நான் சொல்றேன்." பிறகு பிரசங்கியாரிடம் திரும்பி, "நீங்க எங்க வீட்டு விருந்தாளி. எங்களோட சாப்பிடலாம், ஜெபிக்கலாம். ஆனா இந்த மேடையில இனி நீங்க நிக்க முடியாது" என்றார். என் வீட்டுக்காரர் அதையும் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னார். வந்தவர் எழுந்து, அப்போதும் குனிந்து கைகுலுக்கிவிட்டுப் போனார்.

என் தங்கை இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். நான் எழுந்து பிடிக்கப் போனேன். போதகர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"அத்தான்" என்றாள். "அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்களே. அது நீங்க சொன்னதா?"

"ஆமாம்மா."

"அவர் சொல்லல?"

"இல்ல. அவர் பேர்ல சொன்னேன். தப்புதான், என்னை மன்னிச்சிடு."

"அதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். "இந்தத் தடவை உங்க பேர்லயே சொல்லுங்க."

எத்தனையோ பேருடைய வார்த்தையைத் தடங்கலில்லாமல் சொன்ன மனிதர், அன்றைக்குத் தட்டுத்தடுமாறினார். மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டார். "உன் வீட்டுல... சாவு வந்துச்சு. யார் செஞ்ச தப்புன்னு தேடாதே. நீ கதவு திறந்துவிடல. ஆண்டவர் உள்ள வந்து உன் பக்கத்துல உட்கார்ந்து உன்னோட அழறார். நானும் உங்க அக்காவும்கூட உட்கார்ந்திருக்கோம்மா. வேற எதுவும் எனக்குத் தெரியாது."

வாசலில் நின்ற அவள் வீட்டுக்காரர் வந்து அவள் கையைப் பிடித்தார். அவள் போகவில்லை. பஸ் ஏறவும் இல்லை, ஜெப இல்லத்துக்கும் போகவில்லை. திங்கட்கிழமை சலவைக் கடைக்குப் போய், விட்ட வேலையை வெட்கப்படாமல் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் வீட்டில்கூட எதையும் இனிப்பாக்கிச் சொல்வதில்லை. நான் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னதை அப்படியே அவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்து நிற்கிறார். என் மானம் கப்பலேறியது. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்: இந்த மனிதருக்கு வாழ்க்கைப்பட்டதற்கு நான் தினமும் நன்றி சொல்கிறேன். வயிற்றில் தையலோடு எழுந்து வந்து தன் மந்தையின் ஒரே ஒரு ஆட்டுக்காக ஒரு மதியம் முழுக்க நின்ற எங்கள் போதகருக்காகவும் சொல்கிறேன்.

இப்போது வெளியிலிருந்து யார் வந்தாலும், மேடைக்கு முன்னால் போதகரின் அறைக்குப் போக வேண்டும். அங்கே போதகர் இருப்பார், செயலாளர் இருப்பார், எதிரொலி இருப்பார். போதகர் கேட்டுக்கொண்டதால் என் தங்கையும் இருப்பாள். வந்தவரை உட்காரவைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "ஐயா, ஒரு தாய்க்குக் குழந்தை செத்துப்போச்சு. அவகிட்ட நீங்க என்ன சொல்வீங்க?" என்று அவள்தான் கேட்கிறாள். பதில் வந்ததும் என் வீட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்த்து, அதை அப்படியே தமிழில் சொல்கிறார்.